பாலைவன மான் வேட்டை: அப்பாவும் வளர்ந்த மகளும் சறுக்கும் இடங்கள்

அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்துக்கு மான் வேட்டைக்குப் போகும் அப்பாவும் மகளும் செய்கிற தவறுகள் பலவும், துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. காரணம் அனுபவக் குறைவு இல்லை. "நம்ம அப்பாதானே", "நம்ம பொண்ணுதானே" என்று பேசாமல் விட்டுவிடுவதுதான்.

முதலில் டேக் விஷயம், அதாவது ஒரு மானைச் சுட ஒருவருக்குத் தருகிற அனுமதிச் சீட்டு. மகள் சிறுமியாக இருந்தபோது அப்பா தன் டேக்கை அவளுக்கு மாற்றிக் கொடுத்திருப்பார். 18 வயது நிரம்பாத பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அப்படிக் கொடுக்க அரிசோனாவில் வழியுண்டு. முப்பது வயது மகளுக்கு அது செல்லாது. "அப்பாவுக்குக் கை நடுங்குது, அவர் டேக்குக்கு நானே சுட்டுடறேன்" என்பது பாசமாகத் தெரியலாம், சட்டத்தின் கண்ணில் குற்றம். ஆளுக்கொரு டேக் வேண்டும்.

ரைஃபிள் வேட்டைக்கான டேக் பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும் என்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தனித்தனியாக விண்ணப்பித்தால் ஒருவருக்கு விழுந்து மற்றவருக்கு விழாமல் போகலாம். மானுக்கு ஒரே விண்ணப்பத்தில் 4 பேர் வரை சேரலாம், ஆனால் அப்போது போனஸ் புள்ளிகள் (குலுக்கலில் விழாத வருடங்களுக்குச் சேர்ந்து, அடுத்த முறை வாய்ப்பைக் கூட்டுபவை) சராசரியாகிவிடும். அப்பாவிடம் 9, மகளிடம் 1 என்றால் கணக்கில் வருவது 5. பல வருடமாகச் சேர்த்ததை அப்பா விட்டுக்கொடுக்கிறார் என்று மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

அடுத்தது கூடாரம். தண்ணீர் இருக்கும் இடத்தில்தானே மான் வரும் என்று குட்டைக்குப் பக்கத்திலேயே கூடாரம் போடத் தோன்றும். விலங்குகள் தண்ணீருக்கு வர முடியாதபடி நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் தங்குவதற்கு அங்கே சட்டத்தடை உண்டு. வறண்ட ஓடைப் படுகையும் வேண்டாம். மணல் மெத்தென்று இருக்கும்தான். தொலைவில் எங்கோ மழை பெய்தால் வெள்ளம் உங்களைத் தேடி வரும்.

சரி, இனி வேட்டை. இங்கே பெரிய தவறு, மானைத் தேடிக் கால்நடையாக அலைவது. பாலைவனத்தில் மானைக் கால் தேடாது, கண்தான் தேடும். விடிவதற்கு முன்பே ஒரு மேட்டில் ஏறி, ட்ரைபாடில் பைனாகுலரைப் பொருத்தி, எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். கூஸ் என்கிற வெள்ளைவால் மான் ரொம்பச் சின்னது, ஆண் மானே 45 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். முழு மான் தெரியும் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும். நிழலில் அசையும் ஒரு காது, கிளை மாதிரித் தெரிகிற ஒரு கொம்பு, அவ்வளவுதான். மகளுக்கு அரை மணியில் பொறுமை போய் அடுத்த மேட்டுக்கு நடக்கத் தோன்றும். இந்த ஒரு விஷயத்தில் நான் அப்பா கட்சி.

மான் கண்ணில் பட்டதும்தான் கூத்தே ஆரம்பம்.

"அப்பா, அதோ, அந்தக் கள்ளிக்குப் பக்கத்துல!"

"எந்தக் கள்ளிம்மா?"

சரிவு முழுக்கக் கள்ளி. இவர் ஒன்றைத் தேடுவார், அவள் இன்னொன்றைக் காட்டுவாள், மான் முகட்டைத் தாண்டிவிடும். உட்கார்ந்ததுமே இருவருக்கும் தெரிகிற ஓர் அடையாளத்தை முடிவு செய்துகொள்ளுங்கள், இரட்டைக் கை சகுவாரோவோ (மரம் போல உயரும் கள்ளி) வெள்ளைப் பாறையோ. அதைக் கடிகாரத்தின் நடுவாக வைத்து, "பாறையிலிருந்து இரண்டு மணிப் பக்கம், ஒரு மரத் தூரம்" என்று சொன்னால் போதும். அப்பாவுக்குக் காது மந்தமாகியிருந்தால் கிசுகிசுப்பு பயன்படாது. தோளில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் உட்கார் என்று பழகிக்கொள்ளலாம். "காது கேட்கலை" என்று அவராகச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

யார் முதலில் சுடுவது என்பதை முந்தைய இரவே முடிவு செய்யுங்கள். மானைப் பார்த்த பிறகு "நீ சுடு", "இல்லப்பா, நீங்க சுடுங்க" என்று உபசாரம் நடந்தால் அது ஆபத்தும்கூட. இரண்டு பேர் கையிலும் குண்டு நிரப்பிய ரைஃபிள் இருக்கும், யார் எந்தப் பக்கம் நகர்வார் என்று தெரியாது. சுடாதவரின் துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும், அவரும் சுடுபவருக்கு முன்னால் போகக்கூடாது.

மான் விழுந்ததும் டேக்கை உடனே கட்டுங்கள், அப்புறம் படம் எடுக்கலாம். அதுவும் நீளக்கூடாது. அக்டோபரிலும் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், இறைச்சி கெட அதிக நேரம் ஆகாது. சீக்கிரம் தோலுரித்து, துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டு, ஐஸ் பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். சுமையைச் சரிபாதியாகப் பிரிப்பது நியாயம் மாதிரித் தெரியும், அப்பாவின் முழங்கால் அதை ஒத்துக்கொள்ளாது. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டராவது வேண்டும். அவர் குடிக்கிறாரா என்றும் பாருங்கள்.

திரும்பும் வழியில் சோய்யா கள்ளி காலில் ஒட்டிக்கொள்ளும். லேசாக உரசினாலே ஒரு துண்டு உடைந்து தொற்றிவிடும். கையால் பிடுங்கப் போனால் கையிலும் ஏறும். சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே செருகி, ஒரே வீச்சில் தள்ளிவிட வேண்டும், பக்கத்தில் நிற்பவர் மேல் விழாதபடி. தலையில் முடியே இல்லாத அப்பாவாக இருந்தாலும் அவர் சட்டைப் பையில் ஒரு சீப்பு இருக்கட்டும்.