தண்டவாளம் ஒன்று சொல்ல, திரை வேறு சொல்ல: ரயில் பராமரிப்பை டிஜிட்டலாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயில் பாதையில் வளைவு அளப்பதை நேரில் பார்த்திருந்தால் ஒன்று தெரியும். 20 மீட்டர் நூலை வெளித் தண்டவாளத்தின் உட்பக்கத்தோடு ஒட்டி இறுக்கிப் பிடிப்பார்கள். நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை ஒருவர் ஸ்கேல் வைத்துப் படித்துச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். பத்து மீட்டர் நகர்ந்து மறுபடி அதே வேலை. வரும் எண்கள் ஒருநாளும் சீராக இருக்காது. 46, 51, 43, 48 மில்லிமீட்டர் என்று ஏறி இறங்கும். பதிவேட்டில் 46, 46, 47, 46 என்று வரிசை அழகாக ஓடினால், அது பாதையில் அளந்தது இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து அளந்தது.

கையில் டேப்லெட் வந்தால் இந்தப் பழக்கம் ஒழியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் பார்த்த ஒரு செயலியில் நடந்தது தலைகீழ். அனுமதித்த வரம்பைத் தாண்டிய எண்ணைப் போட்டால் பெட்டி சிவப்பாகிவிடும், அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. தட்டச்சுப் பிழையைத் தடுக்க வைத்த ஏற்பாடுதான், நல்ல எண்ணம்தான். ஆனால் வெயில் ஏறுகிறது, அடுத்த வண்டிக்கு எட்டு நிமிடம்தான் இருக்கிறது. அளந்தவர் என்ன செய்வார்? செயலி ஏற்கிற எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்தார். எந்த எண்ணைத் தெரிந்துகொள்ளச் செயலி செய்தார்களோ, அந்த எண்ணுக்கே உள்ளே இடமில்லை. வரம்பு தாண்டிய அளவு வந்தால் தடுக்கக் கூடாது. இன்னொருமுறை அளக்கச் சொல்லி, ஒரு படம் கேட்டு, ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தத் துறையில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பதிவும் பாதையும் பிரிந்துபோவது புதிய நோய் அல்ல. டிஜிட்டல் அதை வேகமாக்கும், பார்க்க அழகாகவும் ஆக்கும்.

என்ன இருக்கிறது என்று தெரியாமல் மென்பொருள் வாங்குவது

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17. லண்டனிலிருந்து லீட்ஸ் போன விரைவு ரயில் ஹேட்ஃபீல்டு அருகே தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். தண்டவாளம் முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. காரணம், தண்டவாளத்தின் உள் விளிம்பில், சக்கரம் உரசி உரசி உண்டான நுண்விரிசல்கள். அந்த இடத்தில் பழுது இருப்பது முன்பே தெரியும். மாற்றுத் தண்டவாளத்துக்கு ஏற்பாடாகியும் பொருத்தப்படாமல் இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் நமக்குப் பாடம். இதேபோன்ற விரிசல் நாட்டில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்ற கேள்விக்கு, பாதையின் உரிமையாளரான ரெயில்ட்ராக் நிறுவனத்திடம் பதில் இல்லை. எந்தத் தண்டவாளம் எங்கே, எத்தனை வயது, என்ன நிலை என்று முழுமையான பட்டியலே அவர்களிடம் கிடையாது. பராமரிப்பை ஒப்பந்தக்காரர்களிடம் விட்டபோது, ஊழியர்களின் தலையில் இருந்த அறிவும் அவர்களோடு போய்விட்டது. வேறு வழியில்லாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேகத்தைக் குறைத்தார்கள். மாதக்கணக்கில் ரயில்கள் தவழ்ந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் நிறுவனமே திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2002-இல் நெட்வொர்க் ரெயில் பொறுப்பேற்றது.

இன்றும் பல திட்டங்களில் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு முதலில் வருகிறது, பட்டியல் பின்னால் வருகிறது. ‘பழைய பதிவேட்டை அப்படியே ஏற்றிவிடலாம், பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். அந்தப் ‘பிறகு’ வந்ததை நான் பார்த்ததில்லை.

இடத்துக்கு நாலு பெயர்

நம் ஊர் ரயில்வேயில் இது தனித் தலைவலி. பாதைப் பிரிவுக்காரர் கிலோமீட்டர் கல்லை வைத்துச் சொல்வார். மின்பாதைக்காரருக்கு மின்கம்ப எண். சிக்னல்காரருக்கு, பாதையோரம் சிக்னல் வயர்கள் சேரும் லொக்கேஷன் பெட்டியின் எண். புதிதாக வந்த கருவி அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லும். நான்கும் ஒரே இடம்தான். நான்கு மென்பொருள்களில் அவை நான்கு இடங்கள்.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்றால், இரட்டைப் பாதையில் இரண்டு தடங்களுக்கும் நடுவே ஐந்து மீட்டர் அளவுதான் தூரம். சாதாரணக் கைபேசியின் பிழையும் ஏறக்குறைய அவ்வளவே. விரிசல் ஒரு திசைக்கான அப் லைனில், அனுப்பிய செய்தியில் எதிர்த்திசைக்கான டவுன் லைன். ஆள் போய்ப் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதி முடித்துவிடுவார். ஆகவே எந்தத் தடம், எந்தக் கம்பம், இடதா வலதா என்பதை ஆள் தன் கையால் தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். ஜிபிஎஸ் சாட்சியாக இருக்கட்டும், போதும். பாதையை வேறு வழியாகத் திருப்பிப் போட்ட இடங்களில் ஒரு ‘கிலோமீட்டர்’ ஆயிரம் மீட்டராக இருக்காது என்பதையும் மென்பொருள் எழுதுபவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வயர் மாறியது, வரைபடம் மாறவில்லை

2023 ஜூன் 2 மாலை, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு ஒடிசாவின் பஹனாகா பஜார் நிலையத்தில் மெயின் லைனுக்கான பச்சை விழுந்தது. வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்டோ, பக்கத் தடமான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் 94-இன் தூக்குத் தடுப்பை மாற்றும் வேலையிலும் நடந்த குறைபாடுகளே காரணம் என்று ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. வயர்களின் பெயர்ச்சீட்டு தவறாக இருந்தது பல ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை.

இதை டிஜிட்டல் திட்டத்தோடு ஏன் சேர்க்கிறேன் என்றால், இப்போது எல்லா இடத்திலும் பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறார்கள். தவறான வரைபடத்தை ஸ்கேன் செய்தால் கிடைப்பது தெளிவான தவறான வரைபடம். அதோடு கணினியில் இருப்பதால் அதன்மேல் நம்பிக்கை கூடிவிடுகிறது. சிக்னல் சர்க்யூட்டுகள் இருக்கும் ரிலே அறையைத் திறந்து, முனை முனையாகப் பார்த்து, ‘இன்ன தேதியில் சரிபார்த்தது’ என்று கையெழுத்தான பிறகே அந்தக் கோப்பு மேலே ஏற வேண்டும். ஒரு வயரை மாற்றினாலும் வரைபடம் மாறாமல் வேலை முடிந்ததாகப் பதிய முடியாதபடி வையுங்கள். இங்கே தடுப்பு வைக்கலாம், தவறில்லை.

ஆள் இல்லாத அலாரம்

சக்கர அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப் பெட்டி சூடானால் கண்டுபிடிக்கும் கருவி, சக்கரத்தில் தட்டை விழுந்திருந்தால் அது பாதையில் இடிக்கும் விசையை அளக்கும் கருவி, எல்லாமே நல்ல கருவிகள்தான். கேள்வி, அலாரம் அடித்ததும் வண்டியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது. பாம்பன் பழைய பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்தது. 2022 டிசம்பரில் கப்பலுக்காகத் திறக்கும் பகுதியில் இருந்த சென்சர்கள் எச்சரித்ததும் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை வண்டிகள் மண்டபத்தோடு நின்றன. ராமேஸ்வரம் போகிறவர்கள் திண்டாடினார்கள். ஆனால் எச்சரிக்கைக்கும் முடிவுக்கும் இடையே ஒரு ஆள் இருந்தார் என்பது தெளிவு.

பல இடங்களில் எச்சரிக்கை ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. அதில் எண்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் மற்ற எழுபத்தொன்பது பேரில் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று கட்டைவிரல் காட்டிவிட்டுப் போவார்கள். நாளுக்கு ஐம்பது பொய் அலாரம் வந்தால் கட்டைவிரலும் நின்றுவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று பிளாக், அதாவது வண்டி ஓடாமல் பாதையை வேலைக்குக் கொடுக்கும் நேரம். பழுது தெரிந்தும் பிளாக் கிடைக்கவில்லை என்றால் சென்சர் வைத்து என்ன பயன்? பழுதுப் பட்டியலும் பிளாக் கேட்கும் திட்டமும் ஒரே திரையில் இல்லாவிட்டால், பட்டியல் நீண்டுகொண்டேதான் போகும்.

கீமேனைக் கண்காணிக்கும் கருவி

கீமேன் தினமும் தன் பீட்டை, அதாவது தனக்கு ஒதுக்கிய பாதைத் துண்டை, நடந்து பார்ப்பவர். தோளில் சுத்தியல், ஸ்பேனர், கொடிகள், வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் டெட்டனேட்டர். தண்டவாளத்தைச் சிலீப்பரோடு பிடித்துவைக்கும் பாண்ட்ரோல் கிளிப் கழன்றிருந்தால் ஒரே அடியில் ஏற்றுவார். அவர் கையில் ஜிபிஎஸ் கருவி கொடுத்தார்கள். நோக்கம் நல்லது. இரவு ரோந்தில் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியும், அவசரத்துக்கு பட்டனை அழுத்தலாம். ஆனால் பல அதிகாரிகள் அதில் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: நடந்தாரா, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்தார்.

விளைவு என்ன? நடப்பது மட்டுமே வேலை என்று ஆகிவிட்டது. ஓர் இடத்தில் குனிந்து ஜல்லியை விலக்கிப் பார்த்தால் ‘ஏன் இருபது நிமிடம் நின்றாய்’ என்று விளக்கம் கேட்பார்கள். குனியாமல் நடந்தால் வரைபடத்தில் கோடு அழகாக விழும். அவர் கண்ட குறையைச் சொல்ல ஒரு குரல் பதிவு, ஒரு படம், இவ்வளவு போதும். பதினாறு பெட்டிகள் கொண்ட ஆங்கிலப் படிவத்தை மதிய வெயிலில் கையுறையோடு யாரால் நிரப்ப முடியும்? தமிழ்நாட்டுப் பிரிவுகளில் வடமாநிலத்துத் தொழிலாளர்களும் நிறைய இருப்பதால் தமிழும் இந்தியும் இரண்டும் வேண்டும். முதலில் அவருக்குப் பயன்படும் கருவியைக் கொடுங்கள். வண்டி வருவதை முன்கூட்டியே எச்சரிக்கும் ‘ரக்‌ஷக்’ போன்ற கருவியைப் பாதையில் வேலை செய்யும் டிராக்மேன்கள் கையைவிட்டு இறக்க மாட்டார்கள், ஏனென்றால் அது அவர்கள் உயிரைக் காக்கிறது.

அப்புறம், செயற்கை நுண்ணறிவு. பாயிண்ட் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை வைத்துப் பழுதை முன்பே சொல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் பழைய பழுதுகளின் பட்டியலைத் திறந்தால் காரணம் என்ற இடத்தில் ‘மற்றவை’, ‘தானாகச் சரியானது’ என்று வரி வரியாக இருக்கும். நிலையத்தில் சிக்னல் நிகழ்வுகளைப் பதியும் டேட்டா லாகர் ஒரு நேரம் காட்டும், என்ஜினின் பதிவுக் கருவி இன்னொன்று காட்டும். கடிகாரங்களை ஒன்றாக்காமல் எதை வைத்து எதைக் கணிப்பது?

ஒப்பந்தத்தில் தரவு யாருடையது, நிறுவனம் மாறினால் எந்த வடிவத்தில் திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டு வரிகளையும் கையெழுத்துக்கு முன் தேடிப் பாருங்கள்.

இதையெல்லாம் மொத்தக் கோட்டத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். பத்து கிலோமீட்டர் போதும். கணினிப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு, அந்த பீட்டின் கீமேனோடு ஒரு காலை நடந்து பாருங்கள். பட்டியலில் இருந்து பாதையில் இல்லாதவை, பாதையில் இருந்து பட்டியலில் இல்லாதவை என்று இரண்டு பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருள்காரரோடு பேசப் போகும்போது அந்தத் தாளைக் கையில் கொண்டுபோங்கள்.