தையல் மெஷின் பெடல் தரையில் நழுவாமல் இருக்க

கரன்ட் மெஷினில் நீளமான தையல் போடும்போது பெடல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போகும். காலும் அதன் பின்னாலேயே நீளும். வேகம் கையில் நிற்காது. ஜாக்கெட் கைக்குழியைச் சுற்றி வரும் நேரத்தில் தையல் கோணிவிடும். டைல்ஸ் போட்ட வீடுகளிலும், பாலிஷ் ஏறிய பழைய சிவப்பு சிமென்ட் தரையிலும் இந்தத் தொல்லை அதிகம்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெடலைப் புரட்டிப் பாருங்கள். அடியில், பெரும்பாலும் மூலைக்கு ஒன்றாக, ரப்பர் குமிழ்கள் இருக்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்கினால் ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது. மேலே படிந்த நூல்தூசியும் மெஷின் எண்ணெயும்தான் வழுக்குகின்றன. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். பெடலுக்குள் தண்ணீர் போகவே கூடாது. ரப்பர் கல் மாதிரி இறுகிப் பளபளத்தால் 120 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மேல்தோலை எடுக்கலாம். குமிழ் ஒன்று விழுந்திருந்தால் அதை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் மாற்றுங்கள். உயரம் மாறினால் பெடல் ஆடும். ஆடுகிற பெடல் நகரத்தான் செய்யும்.

தரையையும் வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைக்க வேண்டும். வாசனை லோஷன் போட்டுத் துடைத்த டைல்ஸில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நின்றுவிடும். நம் குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் காலோடு வரும் பொடிமணலும் சேரும். ரப்பருக்கும் டைல்ஸுக்கும் நடுவே மணல் கிடந்தால் எந்த ரப்பரும் பிடிக்காது.

அடுத்து, உட்காரும் முறை. பெடல் தூரத்தில் இருந்தால் கால் அதைக் கீழே அழுத்தாது, முன்னால் தள்ளும். குதிகால் தரையில் பதிந்து, முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கும் இடத்துக்குப் பெடலை இழுத்து வையுங்கள். பெடல் வயரும் தொய்வாகக் கிடக்கட்டும். விறைப்பாக இருந்தால் அதுவே பெடலை இழுக்கும்.

இவ்வளவு செய்தும் நகர்ந்தால் பலகைதான் தீர்வு. அடியில் எதை ஒட்டினாலும் பெடலின் எடை கொஞ்சம்தான், பிடிப்பும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். குதிகாலும் பெடலும் ஒரே பலகையில் இருந்தால் காலின் பாரமே பலகையைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். 12 மி.மீ. பிளைவுட்டில் 12 அங்குல அகலம், 20 அங்குல நீளம் போதும். முன்விளிம்பில் முக்கால் அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) துண்டு இரண்டை, நடுவே வயர் போக இடம் விட்டு, அடியிலிருந்து 1 அங்குல ஸ்க்ரூவால் முடுக்குங்கள். ஸ்க்ரூவின் தலை பலகைக்குள் அமிழ வேண்டும்; துருத்தினால் டைல்ஸைக் கீறும். பெடலின் இரு பக்கமும் சின்னத் துண்டு ஒவ்வொன்று வைத்தால் பக்கவாட்டிலும் நகராது. பெடலில் ஆணியோ ஸ்க்ரூவோ அடிக்கக் கூடாது. உள்ளே 230 வோல்ட் ஓடுகிறது. காற்றுத் துளைகளையும் டேப்பால் மூடாதீர்கள். பல பெடல்கள் ஓட ஓடச் சூடாகும்.

பலகையின் அடிக்குப் பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய டியூப் அருமையானது. வெட்டி விரித்தால் உள்பக்கம் வெள்ளைப் பவுடர் இருக்கும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் பசையும் ஒட்டாது, தரையும் பிடிக்காது. 3 அங்குலச் சதுரமாக நான்கு மூலைக்கு நான்கு, குதிகால் வரும் இடத்துக்கு ஒன்று. செருப்புக்கு ஒட்டும் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை 10, 15 நிமிடம் காயவிட்டு அழுத்துங்கள். மரவேலைக்கான வெள்ளைப் பசை ரப்பரில் நிற்காது. வெள்ளை மார்பிள் தரை என்றால் கறுப்பு ரப்பர் நாளடைவில் கறை விடும். அங்கே அலமாரித் தட்டில் விரிக்கும் வலைபோன்ற வழுக்கா விரிப்பை வெட்டிப் போடுங்கள்.

குலசேகரம், திருவட்டார் பக்கம் வீட்டிலேயே ரப்பர் ஷீட் இருக்கும். அதை வெட்டிப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அது கந்தகம் சேர்த்து வேகவைக்காத பச்சை ரப்பர். வெயில் காலத்தில் பிசுபிசுத்துத் தூசியை வாரிக்கொள்ளும், மழையில் பூஞ்சை பிடிக்கும். இரட்டைப் பக்க டேப்பும் இங்கே சரிவராது: ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இருக்கும் ஈரத்தில் சீக்கிரம் விட்டுப்போகும், பசை மட்டும் டைல்ஸில் மிஞ்சும். கயிற்று மிதியடி அடியில் ரப்பர் இல்லாவிட்டால் பெடலோடு சேர்ந்தே நழுவும்.

கால் மெஷினில் மோட்டார் மாட்டியவர்கள் பெடலைப் பழைய இரும்பு மிதியின் மேலேயே வைப்பதுண்டு. அப்படியானால் பெல்ட்டைக் கழற்றினால் மட்டும் போதாது, மிதி அப்போதும் ஊஞ்சலாடும். மிதியையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியைக் கழற்றி, மிதியின் முன்பக்கமும் பின்பக்கமும் அடியில் கட்டை கொடுத்து அசையாமல் நிறுத்துங்கள். பிறகு மிதியின் பூவேலைத் துளைகள் வழியே வெல்க்ரோ பட்டையை விட்டு, வயர் நசுங்காமல் பெடலைக் கட்டுங்கள்.

கிறிஸ்துமஸ் தையல் குவியும் நாட்களில் நூல்தூசி சீக்கிரம் சேரும். அப்போது வாரம் ஒருமுறை பலகையின் அடியைத் துடையுங்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை போதும்.