கன்டெய்னரைக் கடையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சரக்குக் கன்டெய்னரைக் கடையாக மாற்ற விரும்புபவர்கள் வரைபடத்தோடு வந்து யோசனை கேட்கிறார்கள். நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே பிழைகள் அவற்றில் மறுபடியும் தென்படுகின்றன. அனுமதி வாங்குங்கள், செலவைக் கணக்கிடுங்கள் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

இரும்புச் சட்டம் போடாமல் சுவரை வெட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கன்டெய்னர்களை அடுக்கும்போது சுமை நான்கு மூலைத் தூண்கள் வழியாக இறங்குகிறது என்பது உண்மை. அதை மட்டும் கேட்டுவிட்டு, பக்கச் சுவர் வெறும் மறைப்பு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மேல் விட்டம், அதாவது சுவரின் மேல்விளிம்பில் நீளவாக்கில் ஓடும் இரும்பு உத்தரம், தொய்யாமல், பெட்டி சாயாமல் பிடித்திருப்பதே அந்தச் சுவர்தான். சுமார் 2 மில்லிமீட்டர் தகடு அது. மடிப்பு மடிப்பாக நெளித்திருப்பதால்தான் அதற்கு வலு.

காபிக் கடை தொடங்கிய ஒருவர் 20 அடி கன்டெய்னரின் நீளப் பக்கத்தை ஏறக்குறைய முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டார். பட்டறைத் தரையில் நின்றவரை எந்தக் குறையும் தெரியவில்லை. உள்வேலை முழுவதையும் முடித்து, கிரேனில் தூக்கிக் கொண்டுபோய் இறக்கிய பிறகு ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. மேல் விட்டத்தின் மேல்விளிம்பில் நூல் இழுத்துப் பிடித்துப் பார்த்தோம். நடுவில் நூலுக்கும் இரும்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தது. ஜாக்கி கொடுத்து நிமிர்த்திச் சட்டம் பற்றவைக்க வேண்டும். ஆனால் சுவரில் வெப்பத்தைத் தடுக்கும் நுரைக்காப்பும் வயரிங்கும் இருக்கும்போது அங்கே நெருப்பு வைக்க முடியாது. எல்லாவற்றையும் பிரித்தார்கள். வாங்கிய ஷட்டரும் வீணானது.

முதலில் திறப்பைக் குறியுங்கள். அதற்கு எவ்வளவு கனமான சதுரக் குழாய் வேண்டும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். மேல் விட்டத்தையும் கீழ் விட்டத்தையும் இணைத்துத் தூண்களைப் பற்றவைத்த பிறகே கட்டரைத் தொடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: விற்பனை மேடையைக் கதவுப் பக்கம் வைக்க முடியாதா? அங்கே திறப்பும் அதைத் தாங்கும் கனமான சட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன.

வெறும் மண்மேல் வைப்பது

வேண்டாம். நான்கு மூலைக்கும் ஒரே மட்டத்தில் கான்கிரீட் மேடை போடுங்கள்.

வெளி அளவை நம்பி வரைவது

வெளி அகலம் 2.44 மீட்டர், உள்ளே 2.35தான். இருபுறமும் 5 சென்டிமீட்டர் காப்பும் பலகையும் வந்தால் 2.2 மிஞ்சும். விற்பனை மேடைக்கு 60, அலமாரிக்கு 40 சென்டிமீட்டர் கழித்துவிட்டு, மீதியில் இருவர் உரசாமல் கடக்க முடியுமா என்று நடந்து பாருங்கள். கூரைக் காப்பு உயரத்தையும் தின்றுவிடும். 30 சென்டிமீட்டர் கூடுதலான ஹைகியூப் வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

கூரையை மறப்பது

சுவருக்குக் காப்பு போட்டுவிட்டுக் கூரையை வெறுமனே விடுகிறார்கள். ஆட்களின் மூச்சும் அடுப்பின் ஆவியும் குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகிச் சொட்டும். பலகைக்குப் பின்னால் தேங்கினால் துரு வெளியே தெரிவதற்குள் தகடு அரித்திருக்கும். இடைவெளியின்றி இரும்போடு ஒட்டும் நுரைக்காப்பும், ஆவியை வெளியேற்றும் விசிறியும் அவசியம்.

பார்க்காமல் வாங்குவது

வெளியே ஒருவரை நிறுத்திவிட்டு, உள்ளே நின்று கதவை மூடச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

பழைய தரைப்பலகையில் கடை நடத்துவது

28 மில்லிமீட்டர் பிளைவுட். பூச்சி அரிக்காமல் இருக்கப் பெரும்பாலும் மருந்து ஏற்றியிருப்பார்கள். என்ன மருந்து என்பது கதவில் உள்ள உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். உணவுக் கடையென்றால் பழைய பலகையைப் பெயர்த்துப் புதிது போட்டுவிடுங்கள். அதற்கு வசதியில்லை என்றால் எப்பாக்சி பூசி, மேலே இன்னொரு தளம் பரப்புங்கள்.