நாரத்தை இலையில் நகரும் எச்சம்

எங்கள் காரைக்குடி வீட்டுப் பின்கட்டில் ஒரு நாரத்தை மரம் நிற்கிறது. லீவுக்கு வந்த அண்ணன் மகன் போன வருடம் அங்கிருந்து கத்தினான்: "அத்தை, காக்கா எச்சம் நகருது!" எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. குட்டியாக இருக்கும்போது பறவைகளை ஏய்க்க எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்து கடைசித் தடவை தோல் உரித்ததும் பச்சையாகிவிடும். வண்ணத்துப்பூச்சி விஷயத்தில் நாம் செய்யும் முதல் தப்பு, அசிங்கம் என்று இதைத் தட்டி விடுவது. அப்படிச் செய்யாதீர்கள். சீண்டினால் தலைக்குப் பின்னால் கவட்டை போல ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும், அவ்வளவுதான், கடிக்காது.

அடுத்த தப்பு, புழுவைப் பிடித்துப் பாட்டிலில் போட்டு, கைக்குக் கிடைத்த இலையைக் கொடுப்பது. இந்தப் புழுவுக்கு எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் மாதிரி இலைதான் வேண்டும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு எருக்கிலை. மாற்றிப் போட்டால் பட்டினி கிடந்து செத்துப்போகும்.

கூட்டுப்புழுவுக்கு 'உதவி' செய்வதுதான் இருப்பதிலேயே மோசம். சின்ன வயதில் நானே செய்திருக்கிறேன். பாவம், வெளியே வரத் தெரியவில்லை என்று நகத்தால் கூட்டைக் கிள்ளித் திறந்துவிட்டேன். சிறகு பிழிந்து போட்ட துணியாகக் கசங்கியே நின்றுவிட்டது, சாயங்காலம் வரை முற்றத்துத் தரையில் நடந்துகொண்டே இருந்தது. தானாக வெளியே வரும் பூச்சி தொங்கியபடி உடம்பிலுள்ள நீரைச் சிறகு நரம்புகளுக்குள் தள்ளி விரிக்கும், அப்புறம் காயவிடும். அதுவரை தொடக் கூடாது, தொங்க இடமும் வேண்டும்.

முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியிடமும் வண்ணத்துப்பூச்சியை எதிர்பார்க்காதீர்கள், அது அந்துப்பூச்சியாகும். மயிர் பட்டால் அரிப்பு வேறு.

சரி, வலசைக்கு வருவோம். அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சி மெக்சிகோவுக்குப் போய் அதே பூச்சி ஊர் திரும்புகிறது என்றுதான் நிறையப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தெற்கே போகும் தலைமுறை எட்டு மாதம்வரை வாழும். வசந்தத்தில் அது வடக்கே கிளம்பி வழியில் முட்டையிட்டுச் செத்துப்போகும், மீதித் தூரம் பிள்ளை, பேரப்பிள்ளைகள் பாடு. வலசை நம் பக்கம் இல்லை என்பதும் தப்பு. பருவமழையை ஒட்டி நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் கிழக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கு இடையே கூட்டமாகப் போய்வருகின்றன, வழியில் கிலுகிலுப்பைச் செடியில் மொய்க்கும். கண்மாய்க் கரையில் வரிசையாக ஒரே பக்கம் பறப்பதைப் பார்த்தால் துண்டை வீசித் துரத்த வேண்டாம். நாங்கள் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நேரத்தையும் எந்தத் திசையில் போயின என்பதையும் எழுதி வைக்கிறோம், தேதிதான் முன்பக்கமே இருக்கிறதே.