எக்ஸ்எம்எல் பார்சர் மாறிப்போன கதை

ஜாவா புரோகிராமின் புது வெளியீட்டை சர்வரில் ஏற்றியதும், பார்சர் (எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரித்துத் தரும் நிரல்) வேலை செய்யும் இடத்தில் இல்லீகல் ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷன் என்ற பிழை. 'ஆக்ஸஸ் எக்ஸ்டர்னல் டிடிடி' என்ற பண்பு, அதாவது எக்ஸ்எம்எல்லின் அமைப்பு விதிகளை (டிடிடி) வெளியிலிருந்து எடுக்கலாமா என்று சொல்லும் அமைப்பு, பார்சருக்குத் தெரியாதாம். வெளி என்டிட்டி தாக்குதலை (எக்ஸ்எம்எல்லுக்குள் வெளிக் கோப்புகளைச் சுட்டி சர்வரின் தகவலைத் திருடுவது) தடுக்கப் போட்ட வரி அது. அந்த வரியைத் தூக்கிவிட்டால் பிழை போய்விடும், பாதுகாப்பும் கூடவே போய்விடும். தயவுசெய்து தூக்காதீர்கள்.

பார்சரை உருவாக்கித் தரும் டாகுமென்ட் பில்டர் ஃபேக்டரியின் கிளாஸ் பெயரை லாகில் அச்சிட்டுப் பார்த்தேன். ஜாவாவோடு வருவது 'காம்.சன்' என்று தொடங்கும். எனக்கு வந்ததோ 'ஆர்க்.அப்பாச்சி.ஸெர்செஸ்', அதாவது அப்பாச்சியின் தனி பார்சர். ஃபேக்டரியின் நியூஇன்ஸ்டன்ஸ் மெத்தட், கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) தன்னைப் பதிந்து வைத்திருக்கும் வெளி பார்சருக்கே முன்னுரிமை தரும். தனி ஸெர்செஸ் ஜாருக்கோ (ஜாவா நூலகக் கோப்பு), ஜாவாவின் எக்ஸ்எம்எல் இடைமுகமான ஜாக்ஸ்பி 1.5-இல் வந்த அந்தப் பண்பு தெரியாது.

நூலகங்களைச் சேர்த்து புராஜெக்டைக் கட்டும் கருவியான மேவனின் டிபெண்டன்சி ட்ரீயை (எந்த நூலகம் எதை இழுத்து வருகிறது என்ற பட்டியல்) பார்த்தால், புதிதாகச் சேர்த்த பிடிஎஃப் நூலகத்தின் வாலைப் பிடித்து ஸெர்செஸ் உள்ளே வந்திருந்தது. மேவனின் அமைப்புக் கோப்பான pom.xml-இல் ஸெர்செஸை விலக்கும் எக்ஸ்க்ளூஷன் போட்டேன். அப்போதும் அதே பிழை! சர்வரில் விரித்து வைத்த பழைய லிப் ஃபோல்டரில் அந்த ஜார் அப்படியே கிடந்தது. அதை அழித்து மறுபடி ஏற்றியதும் சரியானது.

ஸெர்செஸை நீக்கவே முடியாத புராஜெக்ட் என்றால், நியூஇன்ஸ்டன்ஸுக்குப் பதில், ஜாவா 9 முதல் உள்ள நியூடிஃபால்ட்இன்ஸ்டன்ஸை அழையுங்கள். கிளாஸ்பாத்தில் எது கிடந்தாலும் ஜாவாவின் சொந்த பார்சரையே அது தரும்.