மூக்கைப் பார்த்துக் கன்னத்தைக் கெடுக்காதீர்கள்: காம்பினேஷன் சருமத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் பார்லருக்கு வந்த கல்லூரிப் பெண் பையைத் திறந்து 9 பாட்டில்களை மேசையில் வைத்தாள். எல்லாமே எண்ணெய்ச் சருமத்துக்கானவை. மூக்கு பளபளத்தது, கன்னமோ செதில் செதிலாக உரிந்திருந்தது. இருபது வயதில் என் முகமும் அப்படித்தான் இருந்தது. மேக்கப்போடு தூங்கக் கூடாது, பருவைக் கிள்ளக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முகம் முழுவதையும் காயவைப்பது

நெற்றி, மூக்கு, முகவாய் மூன்றிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும், கன்னத்தில் குறைவு. இப்படி ஒரு பக்கம் எண்ணெயும் ஒரு பக்கம் வறட்சியுமாக இருப்பதுதான் காம்பினேஷன் சருமம். கண்ணாடியில் முதலில் கண்ணில் படுவது மூக்கின் மினுமினுப்பு. அதை அடக்கத்தான் ஒவ்வொன்றாக வாங்குகிறோம். அடிபடுவது கன்னம்.

மதுரையில் பார்லர் வேலை பழகிய நாட்களில், சித்திரை வெயிலில், ஒரு நாளைக்கு ஐந்து முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். வாரம் மூன்று நாள் முல்தானி மெட்டி, அதுவும் காய்ந்து வெடிக்கும் வரை. அதற்குள் எலுமிச்சைச் சாறு வேறு. மூன்றாவது மாதம் வெறும் தண்ணீர் பட்டாலே கன்னம் எரிந்தது. எரிச்சலை அடக்க இன்னும் இரண்டு க்ரீம் வாங்கினேன், கையில் இருந்த பணமும் போனது. கடைசியில் தோல் மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும். கன்னம் தேற இரண்டு மாதம் பிடித்தது.

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-ஐ ஒட்டியிருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 வரை போகும். எலுமிச்சைச் சாறோ 2-க்குப் பக்கம். இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் மேல்தோல் செல்களுக்கு நடுவே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்பு சிதைகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளை நடத்துவது ஹார்மோன்கள். எத்தனை முறை கழுவினாலும் சுரப்பது நிற்காது. சில மணி நேரத்தில் மூக்கு மறுபடி மினுங்கும். கன்னத்தில் போனது அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. இது தெரியாமல் "ஆயில் ஸ்கின்னா? நாலு தடவை கழுவுங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? காலை, இரவு இரண்டு வேளை கழுவினால் போதும். 2% சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையக்கூடியது, அதனால் அடைபட்ட துளைக்குள் இறங்கும். அதை வாரம் இரண்டு இரவு, மூக்குக்கும் முகவாய்க்கும் மட்டும் தடவுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். கன்னத்துக்கு கிளிசரினும் செராமைடும் (மேலே சொன்ன கொழுப்பில் ஒரு வகை) உள்ள க்ரீம், நெற்றிக்கு மெல்லிய ஜெல். ஒரே முகத்துக்கு இரண்டு மாய்ஸ்சரைசரா என்று கேட்பார்கள். ஆமாம், இரண்டுதான்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்குவது

மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். புதிதாக ஒன்றைத் தொடங்கினால் அடுத்ததற்கு இரண்டு வாரமாவது பொறுங்கள். அப்போதுதான் எரிந்தால் எதனால் என்று தெரியும்.

மூக்கில் ஸ்ட்ரிப் ஒட்டிப் பிடுங்குவது

அந்தச் சாம்பல் நிறப் புள்ளிகளில் பெரும்பாலானவை கரும்புள்ளியே அல்ல. எண்ணெய் வெளியே வரும் வழியில் இயல்பாக இருக்கும் இழைகள். பிடுங்கினாலும் சில வாரத்தில் திரும்பிவிடும்.

பிசுபிசுக்கிறதென்று சன்ஸ்கிரீனை விடுவது

ஜெல் வகை வாங்குங்கள். எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30, முகத்துக்கு இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிழிந்து பூசுங்கள்.

சீட்டில்லாமல் மருந்துக் கடையில் வாங்கும் 'நைட் க்ரீம்'

சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் தெளிந்ததுபோல் தெரியும், அப்புறம் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். மாதக்கணக்கில் பூசியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், முகம் சிவந்து கொதிக்கும். க்ரீம் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.