ஈஸ்டில் மனித நொதி: 'வளரவில்லை' என்பதைத் தப்பாகப் படிக்காதீர்கள்

வைரஸ் நுழைந்து, மனித செல்லுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவானால் பி.கே.ஆர். என்ற நொதி விழித்துக்கொள்ளும். புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இ.ஐ.எஃப்.2 காரணியின் ஆல்ஃபா துணையலகில், 51ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஒட்டிப் புரத உற்பத்தியை அடக்கிவிடும். ஈஸ்டிலும் அதே செரின் உண்டு. அதில் பாஸ்பேட் ஒட்ட ஜி.சி.என்.2 என்ற ஒரே நொதிதான். அதை நீக்கிவிட்டு மனித மரபணுவை ஏற்றினால் நொதியின் நடத்தை ஈஸ்ட் வளர்க்கும் தட்டிலேயே தெரியும். 1990களின் தொடக்கத்திலிருந்தே இந்த முறை நடப்பில் இருக்கிறது. எளிதுதான், ஆனால் ஏமாறுவதும் எளிது.

பலரும் சறுக்குவது 3-அமினோட்ரையசோல் தட்டில். இந்த மருந்து ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் தயாரிப்பைத் தடுக்கிறது. ஆல்ஃபாவில் பாஸ்பேட் கொஞ்சமாக ஏறினால் ஜி.சி.என்.4 புரதம் கூடி, அமினோ அமிலம் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். ஈஸ்ட் மருந்தைத் தாங்கி வளரும். அதே பாஸ்பேட் அளவுக்கு மீறினால் மொத்தப் புரத உற்பத்தியும் படுத்துவிடும். ஆக, காலனி வரவில்லை என்றால் நொதி செத்துக் கிடக்கலாம், அல்லது வெறிகொண்டு வேலை செய்துகொண்டும் இருக்கலாம். 'மனித நொதி ஈஸ்டில் இயங்கவில்லை' என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். மருந்தில்லாத தட்டிலும் வளர்ச்சி குன்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், செரின் 51 அலனினாக மாற்றப்பட்ட ஈஸ்டில் அதே பிளாஸ்மிடை (மனித மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்) ஏற்றுங்கள். அங்கே மருந்தில்லாத தட்டில் வளர்ச்சி மீண்டால் காரணம் அந்த பாஸ்பேட்தான். 296ஆம் லைசினை ஆர்ஜினினாக்கிச் செயலிழக்க வைத்த பி.கே.ஆர். ஒப்பிடப் பக்கத்திலேயே இருக்கட்டும். இவை இல்லாத தட்டுப் படத்தை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது ஈஸ்ட் வகை. கைக்குக் கிடைக்கிறதே என்று பி.ஒய்.4741 என்ற ஆய்வக ஈஸ்ட் வகையை அப்படியே எடுக்கிறார்கள். அதில் ஹிஸ்டிடின் தயாரிப்புக்கு வேண்டிய ஹிஸ்3 மரபணு வேலை செய்யாது, அதன் ஒரு பகுதி நீக்கப்பட்டிருக்கிறது. மருந்து தடுப்பதோ அந்த ஹிஸ்3 நொதியைத்தான். ஹிஸ்டிடின் ஊட்டினால் மருந்துக்கு வேலையில்லை, ஊட்டாவிட்டால் மருந்தில்லாமலே ஈஸ்ட் வளராது. முதலில் ஹிஸ்3ஐத் திருப்பிக் கொடுங்கள்.

நொதியின் அளவைக் கட்டுப்படுத்தாததும் பெரிய சிக்கல். கேலக்டோஸ் சர்க்கரையால் இயங்கும் ஊக்கியை (மரபணுவை முடுக்கும் டி.என்.ஏ. பகுதி) பயன்படுத்தும்போது குளுக்கோஸில் வளர்த்த செல்லை நேரே கேலக்டோஸுக்கு மாற்றினால் மரபணு விழிக்க நேரமாகும். இடையில் ரஃபினோஸ் என்ற சர்க்கரையில் வளர்த்தால் அந்தத் தாமதம் குறையும். பிளாஸ்மிட் வகையும் அளவை மாற்றும்: சென்ட்ரோமியர் கொண்ட பிளாஸ்மிட் செல்லுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். 2-மைக்ரான் எனப்படும் பிளாஸ்மிட் வகை பத்துக்கணக்கில் பெருகும். பி.கே.ஆர். போன்ற நஞ்சான மரபணுவுக்கு முதல் வகையே போதும்.

கேலக்டோஸ் தட்டில் நடுநடுவே திடீரென்று கொழுத்த காலனிகள் தோன்றும். 'நன்றாக வளர்கிறது, சரி' என்று அவற்றை எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் பி.கே.ஆர். கெட்டுப்போயிருக்கும், அல்லது ஈஸ்டின் சொந்த மரபணு ஏதாவது மாறி அதன் நஞ்சை முறித்திருக்கும். பிளாஸ்மிடைப் பிரித்தெடுத்துப் புதிய ஈஸ்டில் ஏற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.